இரண்டு கையும் சேரும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள்

சென்னையிலும் கோவையிலும் பெங்களூருவிலும் சமூக விஆர் (மெய்நிகர் உலகில் பலர் கூடிப் பேசும்) செயலிகளுக்கு ஹேண்ட் டிராக்கிங் (கேமராவால் கையசைவைப் பின்தொடரும்) வேலை செய்யும் நண்பர்களுக்கு,

வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, அவன் பேசுவது சைகை மொழியில். அவனோடு பள்ளி விடுதியில் ஒன்றாக வளர்ந்தவர்கள் இப்போது தொண்டி, கீழக்கரை, திருப்பூர் என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். ஒவ்வொருவராகத் தலையில் மாட்டும் பழைய விஆர் ஹெட்செட் வாங்கி, கொஞ்ச நாளாக விஆரில் கூடுகிறார்கள். வீடியோ கால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ஒரு கை போனைப் பிடித்துக்கொண்டிருந்தால் மிச்சம் ஒரு கைதான், அதில் பாதிப் பேச்சுதான் வரும். ஆறு பேர் சேர்ந்தால் திரையில் ஆறு கட்டம், யார் யாரைப் பார்த்துச் சொன்னார் என்றே தெரியாது. விஆரில் வட்டமாக நிற்கலாம், கூப்பிட்டவன் பக்கம் திரும்பலாம், இரண்டு கையாலும் பேசலாம். அதனால் இது எங்களுக்கு ரொம்பத் தேவையான பொருள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கைகள் தனித்தனியாக இருக்கும்வரை செயலி நன்றாகப் பின்தொடர்கிறது, இரண்டும் தொட்டவுடன் குழம்பிவிடுகிறது. அமெரிக்க சைகை மொழியில் எழுத்துகளை ஒரே கையால் காட்டிவிடலாம். இந்திய சைகை மொழியில் பெரும்பாலான எழுத்துகளுக்கு இரண்டு கையும் வேண்டும். ஆங்கில உயிரெழுத்துகளையே எடுத்துக்கொள்ளுங்கள்: இடது கையை விரித்து வைத்து, வலது ஆள்காட்டி விரலால் இடது கட்டைவிரல் நுனியைத் தொட்டால் ‘ஏ’, ஆள்காட்டி விரல் நுனி என்றால் ‘ஈ’, நடுவிரல் ‘ஐ’, மோதிரவிரல் ‘ஓ’, சுண்டுவிரல் ‘யூ’. ஒரு விரல் தள்ளிப்போனால் எழுத்தே மாறிவிடும். பாம்பன் என்று எழுத்துக்கூட்டிக் காட்ட ‘ஏ’ இரண்டு முறை வேண்டும். அந்த இரண்டு இடத்திலும் தம்பியின் வலது கை இடது கைக்கு முன்னால் வருகிறது, பின்னால் மறைந்த விரல்கள் ஹெட்செட் கேமராவுக்குத் தெரிவதில்லை, உடனே அவதாரின் (விஆரில் அவனாகத் தெரியும் உருவத்தின்) இடது கை உறைந்து நிற்கிறது, இல்லாவிட்டால் மணிக்கட்டு முறுக்கிக்கொண்டு விரல்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடுகின்றன. இதில் கொடுமை, அவனுக்கு அது தெரியாது. தன் கையைச் சரியாகத்தான் காட்டிக்கொண்டிருக்கிறான், எதிரில் இருப்பவனுக்குத்தான் வேறு ஏதோ தெரிகிறது. அதனால் எப்போதும் விஆருக்குள் கண்ணாடி இருக்கும் அறையாகத் தேடிப் போய், தன் அவதாரைப் பார்த்துக்கொண்டே பேசுகிறான். பேசும் ஆளைப் பார்க்க முடிவதில்லை.

கண்ட்ரோலர் (கையில் பிடிக்கும் கருவி) பிடித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். 2019இல் வந்த வால்வ் இண்டெக்ஸ் கண்ட்ரோலர் கையோடு கட்டிக்கொள்வது, விரல் மடங்குவதை நன்றாகவே உணரும், ஆனால் விரலைக் குறுக்கே பின்னுவதை அது காட்டாது. கையில் ஒரு பொருள் இருக்கும்போது விரல் நுனியில் விரல் நுனி எப்படிப் படும்?

இது தீராத சிக்கல் என்று நான் நினைக்கவில்லை. மெட்டா (அப்போது பேஸ்புக்) தன் க்வெஸ்ட் ஹெட்செட்டுக்கு 2019 இறுதியில் ஹேண்ட் டிராக்கிங் கொடுத்தது, 2022இல் வந்த மேம்பாட்டில் ஒன்றையொன்று மறைக்கும் கைகளும் வேகமான அசைவும் முன்பைவிடத் தேறின. அப்படியென்றால் உழைத்தால் முடிகிற வேலைதான். அப்புறம், விஆர் கருவிகளுக்கான பொதுத் தரமான ஓப்பன்எக்ஸ்ஆரில் ஒரு கையின் நிலையைச் சொல்ல 26 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் உண்மையிலேயே பின்தொடரப்படுகிறதா, ஊகித்து வைத்ததா என்று பிரித்துச் சொல்லவே தனிக் குறிகள் உண்டு. அந்தத் தகவலை மென்பொருளுக்குள்ளேயே விட்டுவிடாமல் திரைக்குக் கொண்டுவாருங்கள். விரல் தெரியாதபோது அதை மங்கலாகக் காட்டினால் போதும், பார்ப்பவன் “மறுபடி சொல்லு” என்பான். தவறான விரலைத் தெளிவாகக் காட்டினால் அவன் தப்பாகப் புரிந்துகொண்டு போய்விடுவான். பேசுபவனுக்கும் தன் கை மற்றவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று ஓரத்தில் சின்னதாகக் காட்டுங்கள், கண்ணாடி தேடி அலைய வேண்டாம்.

இன்னொன்று, மெனு. உள்ளங்கை தன் பக்கம் திரும்பியிருக்க, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தால் மெனு திறக்கும்படி வைத்திருக்கிறீர்கள். சைகையில் பேசுகிறவன் நிமிடத்துக்கு எத்தனை தடவை அந்த இரண்டு விரலையும் சேர்ப்பான் என்று யோசியுங்கள். பேச்சு நடுவில் மெனு வந்து முகத்துக்கு நேரே நிற்கிறது. பேசும் நேரத்தில் அதை அணைத்து வைக்க ஒரு வழி கொடுங்கள்.

புருவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆமா, இல்லையா என்று கேட்கும் கேள்வியைச் சைகை மொழியில் புருவம் தூக்கித்தான் கேட்பார்கள். முகம் பார்க்கும் கேமரா இல்லாத ஹெட்செட்டில் அது போகாது, புரிகிறது. புருவம் தூக்க ஒரு சுலபமான மாற்று வழியாவது வையுங்கள்.

எங்கள் மாமா விசைப்படகில் வேலை செய்தவர், வின்ச்சில் கயிறு மாட்டி வலது கையில் இரண்டு விரல் பாதியோடு நின்றுவிட்டது. தம்பி ஒருநாள் ஹெட்செட்டை அவர் தலையில் மாட்டிவிட்டான். கையை நீட்டிப் பார்த்தார், ஐந்து விரலும் முழுசாகத் தெரிந்தது. “இது யாரு கைடா?” என்று கேட்டுவிட்டுக் கழற்றினார். இந்தக் கரையில் அப்படிக் கைகள் நிறைய உண்டு. பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்கள் பாறை கிழிக்காமல் இருக்க விரலுக்குத் துணி சுற்றிக்கொள்வார்கள், அந்த வெட்டுக்காயம் ஆறாத விரல்களும் நீங்கள் சோதனைக்கு எடுக்கும் கைகளில் இருக்க வேண்டும். இல்லாத விரலை வரைந்து கொடுப்பதற்குப் பதில், “எனக்கு இந்த விரல் இல்லை” என்று அவரே குறித்துக்கொள்ள விடுங்கள்.

சோதனைக்குக் கை அசைவுகளைப் பதிவு செய்வீர்கள். கேட்டு, புரியவைத்து எடுங்கள். தலையும் கையும் அசையும் விதத்தை வைத்தே 50,000க்கும் மேற்பட்ட விஆர் பயனர்களில் ஒருவரை 90 சதவீதத்துக்கு மேல் சரியாக அடையாளம் காண முடிகிறது என்று 2023இல் ஓர் ஆய்வு வந்தது. கைதான் குரல் என்று இருப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம்.

நேரில் வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, ஆட்கள் கரையில்தான் இருப்பார்கள். தம்பியும் நண்பர்களும் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பேசிக் காட்டத் தயார். வரும்போது சைகை மொழி தெரிந்த ஒருவரைக் கூட அழைத்து வாருங்கள், சாயங்காலம் கரண்ட் போனாலும் எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் டிராக்கிங் எப்படித் தடுமாறுகிறது என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம். தங்க இடம், சாப்பாடு எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
பாம்பனிலிருந்து ஓர் அக்கா