ஸ்மித் 686-ஆ, ரூகர் ஜிபி100-ஆ?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686, ரூகர் ஜிபி100 ஆகிய இரண்டு ரிவால்வர்களில் எதை வாங்கலாம் என்று கேட்டால், "ரூகர் கெட்டி, ஸ்மித் வழவழப்பு" என்ற ஒற்றை வரிதான் பதிலாக வருகிறது. கைமாறி வந்ததை வாங்குபவருக்கு அது போதவே போதாது.

இரண்டும் சுடுவது .357 மேக்னம் தோட்டா. நான்கு அங்குலக் குழல் என்றால் எடையும் ஏறத்தாழ ஒன்றுதான், 1,100 கிராமுக்குச் சற்று மேல். வித்தியாசமெல்லாம் உள்ளே. ஸ்மித்தில் ஹேமரை, அதாவது தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலை, அடிக்கவைப்பது ஒரு பட்டை ஸ்பிரிங். கைப்பிடிச் சட்டத்தின் முன்பக்கம், அடியில் இருக்கும் சின்னத் திருகுதான் அதற்கு விறைப்பு தருகிறது. ட்ரிக்கர் லேசாகட்டும் என்று சிலர் இதைத் தளர்த்திவிடுகிறார்கள். அப்புறம் அடி பலமாக விழாது, சில தோட்டாக்கள் வெடிக்காது. ரூகரில் இருப்பது சுருள் ஸ்பிரிங், தளர்த்தத் திருகு கிடையாது. ஆனால் அதையும் மெலிந்த ஸ்பிரிங்காக மாற்றியிருந்தால் இதே கதிதான்.

சோதிக்கும் முன் சிலிண்டரை, அதாவது தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையை, திறந்து ஆறு அறைகளும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு மூடி, ஒரு விரலைச் சிலிண்டர் மேல் லேசாக வைத்துக்கொண்டு ஹேமரை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹேமர் முழுதாக நிற்பதற்குள் சிலிண்டர் 'டக்'கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் இதைச் செய்து பாருங்கள். ஓர் அறை பிந்தினாலும் வேண்டாம் என்போம். நின்ற ஹேமரை, ட்ரிக்கரைத் தொடாமல், கட்டைவிரலால் முன்னுக்குத் தள்ளினால் விழவே கூடாது.

அடுத்து, சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள சந்து. சந்தை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜில் 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது. அகலமானால் வாயுவும் ஈயத்துகளும் பக்கவாட்டில் தெறிக்கும், குறுகினால் சூட்டிலும் கரியிலும் சிலிண்டர் இறுகும்.

ஸ்மித்தில், சுட்ட உறைகளை வெளியே தள்ளும் எஜெக்டர் தண்டின் நுனியும் பூட்டின் ஒரு பகுதி. அது மரை கழன்று நீண்டுவிட்டால் சிலிண்டர் திறக்கவே மறுக்கும். 686-இல் அது இடக்கை மரை, வழக்கமான பக்கம் திருகினால் இன்னும் கழலும். ரூகரின் முன்பூட்டு தண்டின் நுனியில் இல்லாமல் நேரே சட்டத்தில் மாட்டிக்கொள்வதால் இந்தத் தொல்லை இல்லை.

புதுத் துப்பாக்கி வாங்குபவர் கை அளவைப் பார்த்தாலே போதும். ரூகரின் கைப்பிடிக்குள் இருப்பது ஒல்லியான முளை மட்டும் என்பதால் சிறிய கைக்கும் பிடி அமைக்க முடியும்.

எதை வாங்கினாலும், அதிலேயே சுடக்கூடிய .38 ஸ்பெஷல் தோட்டாவைச் சுட்ட பின் அறைகளைத் தேய்த்துவிடுங்கள். அந்தத் தோட்டாவின் உறை மேக்னம் உறையைவிடச் சுமார் 3.4 மில்லிமீட்டர் குட்டை, உறை முடியும் இடத்துக்கு முன்னால் கரி வளையமாகப் படியும். பிறகு மேக்னம் தோட்டா முழுதாக இறங்காது. அழுத்தித் திணிக்காதீர்கள், பித்தளை பிரஷ் போதும்.

இப்படிக்கு,
துப்பாக்கி பழுதுபார்ப்போர் இருவர்