ஓநாய் கடைசியில் என்ன ஆகும்?

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்தது. சனிக்கிழமைக் கதை நேரத்துக்கு நூலகத்தில் பாய் போதவில்லை என்று எழுதியிருந்தாயே, படிக்கவே சந்தோஷமாக இருந்தது. இங்கே மதுரையில் எல்லாரும் சௌக்கியம். வெயில்தான் ஆளைக் கொல்கிறது. மாடித் தொட்டியில் கத்தரிச்செடி மட்டும் பிடிவாதமாக நிற்கிறது. நீ அவசரமாகப் பதில் கேட்டிருப்பதால் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஜெர்மன் நாட்டார் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின், யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த முழுத் தொகுப்பிலிருந்து நீ ஸ்னோ ஒயிட் சொல்லியிருக்கிறாய். பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு அரசி ஆடி ஆடிச் செத்ததை ஒரு பெண் வீட்டில் போய்ச் சொல்ல, அவள் அம்மா சண்டைக்கு வந்துவிட்டார். புத்தகத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்கிறாய். வேண்டாம். அதற்காக அந்த அம்மா சொன்னதில் நியாயமே இல்லை என்றும் நினைத்துவிடாதே. அந்தப் புத்தகத்தில் பிள்ளைகளுக்கு ஆகாத கதைகள் நிச்சயம் இருக்கின்றன. செருப்புக் கதை அதில் சேராது, அவ்வளவுதான்.

முதலில் உன் கையிலிருப்பது எந்தப் பதிப்பு என்று பார். கிரிம் என்றால் ஒரே புத்தகம் இல்லை. முதல் பதிப்பு 1812இலும் 1815இலுமாக இரண்டு பாகங்கள், மொத்தம் 156 கதைகள். கடைசியாக அவர்கள் கையால் திருத்தி வந்தது 1857இன் ஏழாம் பதிப்பு. அதில் 200 கதைகளும் 10 சமயக் கதைகளும் உண்டு. கடையில் கிடைக்கும் மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலானவை இந்த ஏழாம் பதிப்பிலிருந்து வந்தவை. முதல் பதிப்பை ஜாக் ஸைப்ஸ் முழுசாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தது 2014இல். அட்டையைப் பார்த்துத் தெரியாவிட்டால் ஸ்னோ ஒயிட்டைத் திற. அவளைக் கொல்லச் சொல்வது பெற்ற தாய் என்றால் முதல் பதிப்பு, மாற்றாந்தாய் என்றால் பிந்தையது. ஹான்சல், கிரேட்டலைக் காட்டில் விடச் சொல்பவளும் முதலில் பெற்ற தாய்தான். 1840 பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள்.

முதல் பதிப்பாக இருந்தால் 22ஆம் கதையைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள். பிள்ளைகள் கூடிக் கசாப்பு விளையாட்டு விளையாடிய கதை அது. அதன் இரண்டாவது வடிவம் ஒரு பக்கம்கூட வராது. அப்பா பன்றி அறுப்பதைப் பார்த்த பையன் தம்பியின் கழுத்தை அறுக்கிறான். மேலே கைக்குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த அம்மா அலறல் கேட்டு ஓடிவந்து, ஆத்திரத்தில் அந்தக் கத்தியாலேயே பெரியவனைக் குத்திவிடுகிறாள். திரும்பிப் போய்ப் பார்த்தால் தொட்டியில் குழந்தை மூழ்கிக் கிடக்கிறது. அவள் தூக்குப் போட்டுக்கொள்கிறாள், அப்பாவும் ஏக்கத்திலேயே போய்ச் சேருகிறார். தப்பிக்கிறவன், தட்டிக் கேட்கிறவன் என்று ஒருத்தரும் கிடையாது. கிரிம் சகோதரர்களின் நண்பர் ஆர்னிமே இதை ஆட்சேபித்தார். 1819 பதிப்பில் கதை நீங்கிவிட்டது.

அதே 1819 பதிப்பில் என்ன சேர்ந்தது தெரியுமா? சின்ட்ரெல்லாவின் அக்காமார் இருவரின் கண்களையும் புறாக்கள் கொத்திப் பிடுங்குவது. இதைத்தான் நம் ஆட்கள் யாரும் கவனிப்பதில்லை. பிள்ளைகளுக்காகத் திருத்துகிறேன் என்று உட்கார்ந்த வில்ஹெல்ம் கிரிம் ரத்தத்தைக் குறைக்கவில்லை. கோபுரத்துக்குள் இருந்த ராபன்ஸல் ‘என் உடுப்பெல்லாம் ஏன் இறுக்கமாகிறது?’ என்று வெகுளியாகக் கேட்டதை, அவள் கர்ப்பம் வெளியே தெரிந்துவிடுகிறதே என்பதற்காக மாற்றிவிட்டார். பெற்ற தாய்மாரைக் காப்பாற்றினார். கெட்டவர்களுக்குக் கிடைக்கும் தண்டனையை மட்டும் கூட்டினார். அந்தக் காலத்துப் பெரியவர்களின் கூச்சம் அது. நம் கூச்சம் வேறு. நாம் தண்டனையை வெட்டிவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிடுகிறோம். சொல்லும்போது சிக்கல் வருவது பெரும்பாலும் அங்கேதான்.

ஓநாயும் ஏழு ஆட்டுக்குட்டிகளும் கதையை எடுத்துக்கொள். ஓநாய் சுண்ணக்கட்டியைத் தின்று குரலை மென்மையாக்கி, பாதத்தில் மாவைப் பூசிக்கொண்டு வந்து ஆறு குட்டிகளை விழுங்குகிறது. கடிப்பதில்லை, விழுங்குகிறது. அதனால்தான் அவை வயிற்றுக்குள் உயிரோடிருக்கின்றன. ஏழாவது குட்டி கடிகாரப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பிக்கிறது. தாய் ஆடு கத்தரிக்கோல், ஊசி, நூல் கொண்டுவரச் சொல்லி, தூங்கும் ஓநாயின் வயிற்றை வெட்டிப் பிள்ளைகளை எடுத்து, கல்லை நிரப்பித் தைத்துவிடுகிறது. ஓநாய் தண்ணீர் குடிக்கக் குனியும்போது கல் இழுத்துக் கிணற்றில் விழுந்து சாகிறது. குட்டிகளும் தாயும் கிணற்றைச் சுற்றி ஆடுகின்றன. இப்போது வரும் வண்ணப் புத்தகங்கள் சிலவற்றில் கடைசியில் ஓநாய் பயந்து காட்டுக்குள் ஓடிவிடுகிறது. எழுதியவருக்குப் பெரிய கருணை! ஐந்து வயதுப் பிள்ளைக்கோ அந்த ஓநாய் இன்னும் வெளியே திரிகிறது. கதை முடிந்து விளக்கை அணைத்ததும் ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று கேட்பதும், பாத்ரூமுக்குத் துணை தேடுவதும் இந்த முடிவுக்குத்தான் அதிகம். வயிற்றை வெட்டினால் ‘கல்லை எப்படித் தைத்தார்கள்?’ என்றுதான் கேள்வி வரும்.

அதனால் நீ ஒரு கதையை எடுக்கும்போது எத்தனை பேர் சாகிறார்கள் என்று எண்ணாதே. யார் துன்புறுத்துகிறார்கள், அந்த ஆபத்து கதைக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறதா, இரண்டையும் பார். இதே காரணத்துக்காகத்தான் சின்னப் பிள்ளைகளுக்கு சிவப்புத் தொப்பிப் பெண்ணின் கதையை பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ எழுதியபடி சொல்லக்கூடாது. 1697இல் வந்த அந்த வடிவத்தில் ஓநாய் அவளைத் தின்பதோடு கதை முடிந்து ஒரு நீதிச் செய்யுள் வருகிறது. வேட்டைக்காரன் வந்து வயிற்றைக் கிழித்து மீட்பது கிரிம் வடிவம். சின்னவர்களுக்கு அதையே சொல்.

ஹான்சல், கிரேட்டலில் பெரியவர்கள் பயப்படுவது அடுப்புக்கு. பிள்ளைக்கு அடுப்பு பிரச்சினையே இல்லை, அதில் வெந்துபோவது சூனியக்காரி. உண்மையில் உறைப்பது ஆரம்பம். நாட்டில் பஞ்சம், ரொட்டி இல்லை, பசியில் தூக்கம் வராமல் கிடக்கும் பிள்ளைகள் காதில் விழுகிறது: நாளைக்கு இவர்களைக் காட்டில் விட்டுவிடலாம். நல்லதங்காள் கதை கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பசி புரியாமல் போகாது. ஆகவே ஹாஸ்டலில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கோ, அப்பா வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிப்போன வாரத்திலோ இந்தக் கதை வேண்டாம். வீட்டில் மாற்றாந்தாய் உள்ள பிள்ளை உட்கார்ந்திருந்தால் ‘விறகுவெட்டியின் பெண்டாட்டி’ என்று மட்டும் சொல், கதைக்கு ஒன்றும் குறையாது. ஆறு, ஏழு வயதிலிருந்து தாராளமாகச் சொல்லலாம். கால் மணிக்கு மேல் இழுக்காதே. முக்கியமாக, பாதியில் நிறுத்தி ‘மீதி அடுத்த வாரம்’ என்று மட்டும் சொல்லிவிடாதே. கூண்டுக்குள் ஹான்சலை ஏழு நாள் பூட்டி வைத்த பாவம் உன்னைச் சேரும்.

ஜூனிப்பர் மரக் கதைதான் உனக்கும் எனக்கும் வழக்கமாகச் சண்டை வருவது. அதைச் சொல்லவே கூடாது என்பாய். எட்டு, ஒன்பது வயதுக்குச் சொல்லலாம் என்பது என் கட்சி. மாற்றாந்தாய் ஆப்பிள் எடுத்துக்கொள் என்று பையனைப் பெட்டிக்குள் குனியவைத்து, கூரான இரும்புப் பூட்டு வைத்த மூடியைச் சட்டென்று அறைகிறாள். தலை ஆப்பிள்களுக்கு நடுவில் விழுகிறது. பிறகு அவனைக் குழம்பாக்கி அப்பாவுக்குப் பரிமாறுகிறாள். பெரியவர்கள் குழம்பிலேயே நின்றுவிடுகிறோம். அதற்கு முன் நடப்பதைப் பார். தலையைக் கழுத்தில் வைத்து வெள்ளைத் துணியால் கட்டி, கையில் ஆப்பிளைக் கொடுத்து நாற்காலியில் உட்கார வைக்கிறாள். தங்கை மார்லீன் வந்து கேட்டும் அவன் ஆப்பிளைத் தரவில்லை. ‘பதில் சொல்லாவிட்டால் காதில் ஒன்று வை’ என்கிறாள் அம்மா. அவள் அறைய, தலை கீழே விழுகிறது. அண்ணனைத் தான்தான் கொன்றோம் என்று அந்தச் சின்னப் பெண் நம்பி அழுகிறாள். பிள்ளைகளின் முகம் மாறுவது இந்த இடத்தில்தான். கொன்றது யார் என்று மார்லீனுக்குத்தான் தெரியாது, கேட்கிறவர்களுக்குத் தெரியும். அதை மங்கவிடாமல் ஒரு வரியில் நினைவுபடுத்திவிடு. பிறகு பறவையாகிவிட்ட பையன் வந்து பாடும் பாட்டுக்கு நேரம் கொடு. தட்டான் தங்கச் சங்கிலி தருகிறான், செருப்புத் தைப்பவன் சிவப்புச் செருப்பு தருகிறான், ஆலைக்காரர்கள் எந்திரக்கல் தருகிறார்கள், ஒவ்வொரு முறையும் அதே பாட்டு. இதைச் சுருக்கினால் கதை வெறும் கொலையாகத்தான் மிஞ்சும். கடைசியில் அந்தக் கல் தலையில் விழுந்து மாற்றாந்தாய் சாக, பையன் முழுசாக எழுந்து வந்து சாப்பிட உட்காருகிறான்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வக்கிரம் என்று அந்த அம்மா சொன்னாரென்று எழுதியிருக்கிறாய். உனக்குப் பக்கத்தில்தானே திருச்செங்காட்டங்குடி? சித்திரைப் பரணியில் அமுதுபடையலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுதானே போகிறார்கள்? சிவனடியாருக்காகப் பிள்ளை சீராளனைத் தாய் பிடிக்கத் தகப்பன் அரிந்து கறி சமைத்த கதையைப் பிள்ளைகள் அங்கே கேட்கத்தான் செய்கிறார்கள். கூப்பிட்டதும் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறவன் போல அவன் ஓடிவருகிறான் என்று பெரியபுராணத்தில் வருகிறதே, அந்த ஓட்டம் இருப்பதால்தான் அதைச் சொல்ல முடிகிறது. இதை அவரிடம் குத்தலாகச் சொல்லாதே, பேச்சோடு பேச்சாகச் சொல்.

சொல்லும் விதத்தில் ஒரு விஷயம். ஏழு காக்கைகள் கதையில் தங்கை கண்ணாடி மலைக்கு வந்து துணியை அவிழ்த்துப் பார்த்தால் விடிவெள்ளி கொடுத்த சாவி எலும்பைக் காணோம். கத்தியை எடுத்துத் தன் சுண்டுவிரலை வெட்டிக் கதவில் நுழைத்துத் திறந்து உள்ளே போய்விடுகிறாள். வலித்தது என்றோ ரத்தம் வந்தது என்றோ ஒரு சொல் இல்லை. நாட்டார் கதைகளின் இந்தத் தட்டையான தன்மையைப் பற்றி மாக்ஸ் லூத்தி என்ற சுவிஸ் ஆய்வாளர் 1947இலேயே விரிவாக எழுதியிருக்கிறார். கதை சொல்லும் நாம்தான் அதைக் கெடுக்கிறோம். குரலைத் தாழ்த்தி, கண்ணை உருட்டி, ‘ஐயோ, எப்படித் துடித்திருப்பாள்!’ என்று நீட்டினால் இரும்புச் செருப்பு சித்திரவதை ஆகிவிடும். அதே வேகத்தில், அதே சுருதியில் ஒரே வாக்கியமாகச் சொல்லிவிட்டுப் போ. முடித்ததும் ‘பயந்தியா?’ என்று கேட்காதே. கேட்டால் பயந்திருக்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். சும்மா இரு, அவர்களே கேட்பார்கள்.

படமும் காட்டாதே. பெரோ கதைகளுக்கு குஸ்தாவ் டோரே 1862இல் வரைந்தவற்றில் ஓர் அரக்கன் தூங்கும் தன் பெண்களின் கழுத்தருகே கத்தியோடு குனிந்திருக்கிறான். கதையில் நொடியில் கடந்துபோவது அங்கே நகராமல் நிற்கிறது. காதால் கேட்கும்போது பிள்ளை தன்னால் தாங்க முடிந்த அளவுக்குத்தான் அரக்கனை வரைந்துகொள்ளும்.

பிள்ளைகள் பக்கம் விடக்கூடாதவை வேறு. ஒன்று, முட்புதரில் யூதன் கதை. வயலின் வாசித்து ஒரு யூதனை முள்ளுக்குள் ஆடவைத்து, கடைசியில் தூக்கிலும் போட்டுச் சிரிக்கிறார்கள். துன்புறுத்துகிறவனே நாயகன், அவன் செய்வதற்குக் காரணம் வெறுப்பு. 1825இல் பிள்ளைகளுக்கென்றே தேர்ந்தெடுத்த 50 கதைச் சிறு பதிப்பிலும் இது இடம்பெற்றது. இரும்புச் செருப்புக்குச் சண்டை போடுகிறவர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை.

இன்னொன்று, பயமுறுத்திப் பணிய வைக்கும் வகை. ஃபிராங்ஃபர்ட் மருத்துவர் ஹாஃப்மன் தன் மூன்று வயது மகனுக்காக எழுதி 1845இல் அச்சான படப்புத்தகத்தில், விரல் சூப்பும் பையனின் இரண்டு கட்டைவிரலையும் தையற்காரன் பெரிய கத்தரிக்கோலால் வெட்டுகிறான். மீட்பு இல்லை. வெட்டுப்படுவது சாதாரணப் பிள்ளை, காரணம் சாதாரணப் பழக்கம். நம் பூச்சாண்டிக்கு அது அண்ணன். விரல் சூப்பும் குழந்தைக்கு அதைக் காட்டாதே.

உளவியலாளர் பெட்டல்ஹைம் 1976இலேயே இந்தக் கதைகள் பிள்ளைகளுக்கு நல்லது என்று நிரூபித்துவிட்டார் என்று யாராவது கூட்டத்தில் சொன்னால் நம்பி வாதாடாதே. அவர் சொன்னது உளப்பகுப்பாய்வு விளக்கம், நிரூபணம் இல்லை. போதாததற்கு அவர் வேறொருவர் புத்தகத்திலிருந்து சொல்லாமல் எடுத்துக்கொண்டார் என்று நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் ஆலன் டண்டஸ் 1991இல் இடம் சுட்டி எழுதினார்.

புத்தகத்தில் பக்கம் எதையும் கிழிக்காதே. முழுத் தொகுப்பை உன் மேசைக்குப் பின்னால் பெரியவர்கள் பகுதியில் வை. உள் அட்டையில் ஒரு தாள் ஒட்டி, எந்தக் கதை எந்த வயதுக்கு என்று கதை எண்ணோடு எழுதிவிடு: ஓநாய்க் கதை 5ஆம் எண், நாலு வயதிலிருந்து. ஹான்சல் 15, ஆறிலிருந்து. ஜூனிப்பர் 47, எட்டுக்கு மேல். பெண்களை வெட்டிப் போடும் மந்திரவாதியை மூன்றாவது தங்கை ஏமாற்றும் 46, பத்துக்கு மேல். 110 யூதன் கதை, பிள்ளைகளுக்கு வேண்டாம். இது ஏழாம் பதிப்பின் எண். உன்னிடம் இருப்பது முதல் பதிப்பு என்றால் 15, 46, 47 பெரும்பாலும் ஒத்துப்போகும், இரண்டாம் பாகத்துக் கதைகளுக்கு மட்டும் பொருளடக்கத்தைப் பார்த்துக்கொள்.

இந்தச் சனிக்கிழமைக்கு 5ஆம் எண்ணையே எடு. அந்த அம்மாவையும் வரச் சொல். கத்தரிக்கோல் சத்தத்தைப் பிள்ளைகள் போடட்டும், ஓநாய்க் குரலையும் அவர்களிடமே விட்டுவிடு, நாலு வயதுக்காரர்கள் முகத்துக்கு நேரே நீ உறுமாதே. உன் குரல் எனக்குத் தெரியும்டி.

தமிழ் மொழிபெயர்ப்பு ஏதாவது நூலகத்தில் இருந்தால் அதன் ஸ்னோ ஒயிட் கடைசிப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. அரசியை என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
மீனா