வண்டியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்

மாப்ளே,

நீ மூன்று தடவை போன் அடித்தும் நான் எடுக்கவில்லை. கோபமெல்லாம் இல்லை. பேசத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். நாலு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதாதது தப்பு, பெரிய தப்பு. குண்டன் பாதி சேதி சொல்லியிருப்பான். கிணற்றுக் கதையையே அவன் எப்படிச் சொன்னான் என்று நமக்குத் தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எதிரே வந்த கார் ஒன்று சட்டென்று குறுக்கே திரும்பியது. நான் பைக்கில் 60-ல் போயிருப்பேன். பிரேக் பிடித்தது நினைவிருக்கிறது, இடித்தது நினைவில் இல்லை. அடுத்து வானம்தான் தெரிந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருக்கிற காரை எலும்பு முறிந்துவிட்டது, இடது மணிக்கட்டில் விரிசல். எட்டு வாரம் கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தேன். இப்போது கை தலைக்கு மேலே போகிறது, கனம் தூக்கினால் மட்டும் வலிக்கிறது. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு மட்டும் என்மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

உடம்புக் கதை போதும். உனக்கு எழுத உட்கார்ந்தது வண்டிக்காக. நீ ஓட்டிப் பழகிய அதே வண்டி, வாத்தியின் வேலிக்குள் நீ இறக்கிய அதே வண்டி.

ரொம்ப நாள் அது பின்கட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. பார்த்த மெக்கானிக் ஒருவர், "முன்பக்கம் மொத்தமும் போச்சு, எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. கட்டுப் பிரித்த மறுவாரம் தார்ப்பாயை இழுத்தேன். பெட்ரோல் வாடையும் காய்ந்த மண் வாடையும் சேர்ந்து அடித்தது. முன்சக்கரம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு வேறு எதையும் தொடவில்லை.

மறுநாள் பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றினேன். டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோலை வடித்தேன். அப்புறம் ஒரு மணி நேரம் கழுவினேன். அழுக்கு இருந்தால் விரிசல் கண்ணில் படாது இல்லையா? வண்டி அன்றைக்கு வெகுநேரம் படுத்தே கிடந்திருக்கிறது. கிக்கரைத் தொடுவதற்கு முன்னால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியது நல்லதாகப் போயிற்று. மெதுவாக ஒரு மிதி மிதித்ததும் துவாரத்திலிருந்து எஞ்சின் ஆயில் பீய்ச்சி என் சட்டையில் அடித்தது. ஏர் ஃபில்டரும் ஆயிலில் ஊறிப்போயிருந்தது. சிலிண்டருக்குள் ஆயில் நிற்கும்போது ஸ்டார்ட் செய்திருந்தால் ஆயில் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். நல்லபடியாக இருந்த ஒரே பாகத்தையும் நானே கெடுத்திருப்பேன்.

லீவர், இண்டிகேட்டர், கண்ணாடி, ஃபுட் ரெஸ்ட் எல்லாம் வாங்கி மாட்டுகிற சமாச்சாரம், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. முன்பக்க அலாய் வீலில் விளிம்போரம் மயிரிழை விரிசல் தெரிந்தது. அதைத் தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்று சொன்னவர்களும் உண்டு. அடி வாங்கிய அலாயை நம்பி உட்கார என்னால் முடியாது, வேறு வீல் போட்டேன்.

முன்சக்கரத்தை இருபக்கமும் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய், அந்த ஃபோர்க்தான் எனக்குப் பாடம் எடுத்தது. வலது குழாய் வளைந்தது கண்ணுக்கே தெரிந்தது. இடதைப் பார்த்தால் அம்பு மாதிரி நேராக இருந்தது. இதையாவது வைத்துக்கொள்ளலாமே என்று ஓர் ஆசை. பழைய நிலைக்கண்ணாடியைத் தரையில் கிடத்தி அதன்மேல் உருட்டினேன். பாப்பா எதிர்ப்பக்கம் குப்புறப்படுத்து டார்ச் அடித்தாள். ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் மட்டும் 'டக்' என்று மெல்லிய சத்தம். "அப்பா, நடுவில வெளிச்சம் வருது" என்றாள். குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் நூலாகத் தெரிந்து மறைந்தது. பிறகு வி வடிவப் பள்ளமுள்ள வி பிளாக்கில் வைத்துச் சுற்றி, முள் காட்டும் டயல் கேஜில் பார்த்தால் முள் 0.7 மில்லிமீட்டர் ஆடியது. அதில் பாதிதான் உண்மையான வளைவு, அதாவது 0.35. நம் வண்டி மேனுவல் அனுமதிப்பது 0.2. கண்ணுக்கு நேராகத் தெரிந்த குழாய்தான் இப்படி! இரண்டையுமே மாற்றினேன். ஃபோர்க்கைத் தாங்கும் ஸ்டெம்மும் முறுக்கிக்கொண்டிருந்தது. புதுக் குழாய் இரண்டையும் அதில் செருகிப் பக்கவாட்டில் ஒற்றைக் கண்ணால் பார்த்தால் ஒன்று மற்றதோடு ஒட்டிப் போகாமல் விலகியது. ஸ்டெம்மும் புதுசு போட்டேன்.

ஹேண்டில் லேசாகத் திரும்புவதற்காக ஸ்டெம்மில் கிண்ணமும் இரும்புக் குண்டுகளுமாக இருக்குமே, அந்தக் கோன் செட்டைக் கழற்றினபோது அந்த மோதலைக் கையால் தொட்டுப் பார்த்த மாதிரி இருந்தது. கிண்ணத்துக்குள் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொரு குண்டும் இரும்பில் இறங்கிப் பதிந்த தடம். விரல் நுனியால் தடவினேன், எண்ண முடிந்தது. அந்த ஒரு நொடியில் எவ்வளவு பலம் என் கைவழியாகவும் போயிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்தபோதுகூட அப்படி இருக்கவில்லையடா. கொஞ்ச நேரம் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். பாப்பா கேட்டாள், "என்னப்பா?" ஒன்றுமில்லை என்றேன். புதுக் கிண்ணங்களை ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்து, காலையில் எடுத்த சூட்டோடு, சூடு என்ன சூடு, எடுத்த குளிரோடு தட்டி இறக்கினேன். குளிரில் கொஞ்சம் சுருங்கியதால் சிரமமில்லாமல் போய் உட்கார்ந்தது.

இனிமேல்தான் என் கவலை. சேஸிஸ், வண்டியின் எலும்புக்கூடு.

ஸ்டெம் உட்காரும் குழாயும் அடியிலிருந்து வரும் பெரிய குழாயும் சேருகிற இடத்தில் பெயின்ட் சுருங்கி உதிர்ந்திருந்தது. ஹேண்டில் முழுக்கத் திரும்பும்போது நிறுத்துகிற முளையும் ஒடிந்திருந்தது. அதனால்தான் ஹேண்டில் பார் டேங்கில் குத்திப் பள்ளம் போட்டிருக்கிறது. பெயின்ட் சும்மா சுருங்காது, அடியில் இரும்பு அசைந்திருக்கலாம். அந்த இடம் முழுக்கச் சுரண்டி, சிவப்புச் சாயம் அடித்து, ஊறவிட்டுத் துடைத்து, மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்தேன். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாகக் கசியும். அந்தப் பத்து நிமிஷம் நான் நின்ற நிலையை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? கோடு வரவில்லை. இரண்டாம் தடவையும் அடித்துப் பார்த்தேன், வரவில்லை.

விரிசல் இல்லை, சரி. நேராக இருக்கிறதா?

நூல் கட்டினேன். பின்டயரின் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல முன்னால் வரைக்கும் இரண்டு நூல். முன்டயர் ஒல்லி என்பதால் இருபக்கமும் இடைவெளி இருக்கும், அது ஒரே அளவாக இருக்க வேண்டும். எனக்கு வந்தது இடது 20 மில்லிமீட்டர், வலது 4. அன்றிரவு தூங்கவில்லை. எடைக்குப் போடச் சொன்னவர் சொன்னதுதான் சரியோ என்று உருண்டுகொண்டே கிடந்தேன். விடியற்காலை இன்னொன்று தோன்றியது. பின்சக்கரமே கோணலாக இருந்தால்? செயின் அட்ஜஸ்டர் பக்கத்தில் இருக்கும் கோடுகளை நம்பாமல், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் முன்போல்ட்டிலிருந்து பின் ஆக்சில் வரைக்கும் இருபக்கமும் அளந்தேன். ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் கூட. பின்னால் ஒரு மில்லிமீட்டர் கோணல் முன்சக்கரத்துக்குப் போவதற்குள் ஆறு ஏழாகிவிடுகிறது. சரி செய்து மறுபடியும் நூல் கட்டினேன். இடது 13.5, வலது 10.5.

இந்த மிச்ச மூன்றுதான் என்னை விட மாட்டேன் என்கிறது. நூல் பிசகா, சேஸிஸ் பிசகா? தனியாளாக இதைத் தீர்க்க முடியாது. நான் குனிந்து அளக்கப் போனால் ஹேண்டில் இம்மி திரும்பிவிடுகிறது, ஹேண்டிலைப் பிடித்தால் வண்டி சாய்கிறது. நூல் தரைக்கு இணையான விலகலைத்தான் சொல்லும், ஸ்டெம் உட்காரும் குழாய் ஒரு பக்கம் முறுக்கியிருந்தால் சொல்லாது. அதற்குப் பின்சக்கரத்தில் ரசமட்டம் வைத்துச் செங்குத்தாக நிறுத்தி, அசையாமல் பிடித்துக்கொண்டு, முன்சக்கரத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு ஆள் வேலை. பாப்பா பிடிக்கிற கனமா இது? அம்மா வண்டிப் பக்கமே வருவதில்லை.

எஞ்சின் ஓடுகிறது. போன வாரம் ஸ்டார்ட் செய்து மேலே உட்கார்ந்தேன். ஸ்டாண்டு போட்டுத்தான் நின்றது, ஆனாலும் என் வலது கை தன்னாலே பிரேக் லீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. விரலை விடுவிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மறுபடி ஓட்டுவேனா என்று நீ கேட்பாய். ஓட்டத்தான் ஆசை. ஆனால் அந்த மூன்று மில்லிமீட்டருக்குப் பதில் தெரியாமல் சாலையில் இறக்க மாட்டேன். சேஸிஸ்தான் முறுக்கியிருக்கிறது என்றால் ஜிக் என்கிற அளவுச் சட்டத்தில் மாட்டிப் பார்க்கிற இடத்துக்குக் கொண்டுபோவேன். அவர்களும் முடியாது என்று சொன்னால் விட்டுவிடுவேன். அதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. நீ அன்றைக்கு விழுந்தபோது போட்டிருந்த அதே ஹெல்மெட்டைத்தான் இன்னமும் போடுகிறாயாம், குண்டன் சொன்னான். உனக்கு அறிவிருக்கிறதா? என் ஹெல்மெட்டை அறுத்துப் பார்த்தேன். வெளி ஓட்டில் ஒரு கீறல்தான். உள்ளே தெர்மாகோல் மாதிரி இருக்குமே, அது வலது பொட்டுக்கு நேராக நசுங்கிப் பாதிக் கனத்துக்கு வந்திருந்தது. நசுங்கினது திரும்ப எழும்பாது. அது ஒரு அடியைத்தான் வாங்கும், என்னுடையதை வாங்கிவிட்டது. உன்னுடையதும் வாங்கி முடித்தாயிற்று. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்னோடு வாதாடாதே, இன்றைக்கே மாற்று.

சரி, எப்போது வருகிறாய்? ஒரு பகல் போதும். கார்புரேட்டரை நீ தொடக்கூடாது, அந்த மூன்று திருகாணியை நான் மறக்கவில்லை. ஹேண்டிலை மட்டும் பிடித்துக்கொள். நூலை நான் கட்டி வைக்கிறேன். அப்புறம் ஹேண்டிலை நான் பிடிக்கிறேன், அளவை நீ படி, நான் முதலில் எடுத்த கணக்கைச் சொல்ல மாட்டேன். மேலே எழுதிவிட்டேன் இல்லையா, வருவதற்குள் மறந்துவிடு.

உன்,
ஒல்லி

பி.கு.: டேங்கில் இருக்கிற பள்ளத்தை எடுக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். பாப்பா அதற்குள் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.