தூணுக்குள்ள என்ன கிடக்குது

கத்தானியா
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

சித்தப்பா வீட்டுக்கு மேல மாடி எழுப்பிறதைப் பற்றி அண்டைக்கு நீ போனில கேட்டதுக்கு ஒழுங்கா மறுமொழி சொல்லேல்லை. வேலையால வந்த களை. சித்தப்பா ஊர் வீட்டுப் படங்களை உனக்கும் அனுப்பினவராம். ஷெல் விழுந்த பக்கத்தைத் திருத்தி, மேல கொங்கிரீட் போட்டு ஒரு மாடி எழுப்பப் போறாராம். நீயும் நல்லது எண்டு சொல்லிப் போட்டியாம்.

நேற்று அம்மாவும் நானும் பஸ்ஸில நோட்டோ எண்ட ஊருக்குப் போனனாங்கள். 28 வருஷம் சிசிலியில இருந்தும் இப்பத்தான் கால் வைச்சம். கத்தானியா எரிமலைக் கல்லில கறுத்துக் கிடக்கும். நோட்டோ முழுக்கச் சுண்ணாம்புக்கல், பின்னேர வெயில்ல தேன் மாதிரி. தடவிப் பாத்தன், விரலில வெள்ளைத் தூள் ஒட்டிச்சு. எங்கட ஊர்க் கல்லேதான். நிக்கொலாச்சி மாளிகையில பல்கனியைச் சிங்கமும் குதிரையும் தோளில தாங்குது. அம்மா அண்ணாந்து பாத்திட்டு, "தேர் யாளியள் இஞ்ச வந்து நிக்குது" எண்டா.

1693 ஜனவரி 11 நிலநடுக்கத்தில இந்தப் பக்கம் அறுபதாயிரம் சனம் மட்டில செத்தது. பழைய நோட்டோ மலையில இருந்தது. அதைக் கைவிட்டு, ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளிப் புது ஊர் கட்டினவை. ரகூசா எண்ட மற்ற ஊரில பாதிப்பேர் மேல போய்ப் புது ஊர் கட்ட, மிச்சப்பேர் பழைய இடத்தை விடமாட்டம் எண்டு நிண்டிட்டினம். சித்தப்பாவும் அந்த மிச்சப்பேரில ஒருத்தர்தான், வளவை விட்டு அசையார்.

நான் சொல்ல வந்தது நோட்டோத் தேவாலயத்தைப் பற்றி. எல்லாரும் படிக்கட்டில நிண்டு படம் எடுக்க, நான் உள்ள போய்த் தூணுகளைப் பாத்துக்கொண்டு நிண்டன். 1990 நிலநடுக்கத்தில அடி வாங்கினது, 1996 மார்ச் 13 இரவு ஒரு பக்கத் தூணுகள் நொருங்கிக் குவிமாடமும் கூரையும் விழுந்திட்டுது. உள்ள ஆரும் இல்லாதது புண்ணியம். பிரிச்சுப் பாத்தா, தூணுக்கு வெளியில மட்டும் பொழிகல். உள்ளுக்குச் சும்மா கல்லும் சாந்தும். அதுக்கு மேல 1950களில மரக்கூரையைக் கழட்டிப் பாரமான கொங்கிரீட் கூரை வேற போட்டிருக்கினம். திருத்தேக்க, விழாமல் நிண்ட பக்கத்துத் தூணுகளையும் நம்பாமல் பிரிச்சுத் திரும்பக் கட்டினவை. திறக்க 2007 ஆச்சு.

இப்ப எங்கட வீட்டுக்கு வா. முன் விறாந்தைத் தூண் நாலும் அப்பப்பா காலத்தில கட்டினது. அப்ப எனக்குப் பதினேழு வயசு, மேசனுக்குக் கையாள் நான்தான். கல்லு மிச்சம் பிடிக்கச் சொல்லி, உள்ளுக்குச் சல்லியும் உடைஞ்ச ஓட்டுத் துண்டும் கடகத்தில அள்ளிக் கொட்டினனான். மேல சாந்து பூசினாப் பிறகு ஆருக்குத் தெரியும்? சித்தப்பாவுக்குத் தெரியாது. அவர் அப்ப பள்ளிக்கூடம்.

நான் சொன்னா "அண்ணை இத்தாலியில இருந்துகொண்டு கதைக்கிறார்" எண்டுவார். நீ எஞ்சினியருக்குப் படிக்கிறனீ, நீ எடுத்துச் சொல்லு. ரெண்டு தூணிலயாவது துளை போட்டுப் பாக்காமல் மேல ஒரு கல்லும் ஏத்த வேண்டாம் எண்டு சொல்லு. ஓட்டுத் துண்டுக் கதையையும் சொல்லு, பரவாயில்லை.

அம்மா மோதிக்கா சொக்லேட் வாங்கி வைச்சிருக்கிறா. பார்சல் நாளைக்குப் போடுறன்.

அப்பா