அப்பாவைப் பயிற்சிக்கு வரவைத்தவர்களுக்கு

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருந்து எழுதுகிறேன். மாரடைப்புக்குப் பிறகான மறுவாழ்வுப் பயிற்சியை அப்பா போன வாரம் முழுசாக முடித்துவிட்டார். வேலந்தாவளம் தாண்டி கோயம்புத்தூர் வரை பஸ்ஸில் போய் வருவது அவருக்குப் பழகின விஷயம், காசும் பெரிசில்லை. மனசுதான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"அதான் ஸ்டென்ட் வெச்சு அடைப்பை எடுத்துட்டாங்கல்ல, தோப்புல நடக்கறது பத்தாதா?" என்பதுதான் அவர் வாதம். டாக்டர் ஐயா, ஸ்டென்ட் என்கிற சின்னக் கம்பிவலை அடைத்த அந்த ஓர் இடத்தைத்தான் விரிக்கும், மற்ற ரத்தக்குழாய்களில் கொழுப்பு படிவது நின்றுவிடாது என்று படம் போட்டுச் சொல்லி, மாத்திரைகளுக்குக் கீழே பயிற்சியையும் சீட்டில் எழுதினீர்களே, அதற்குப் பெரிய நன்றி. நாங்கள் சொன்னால் கேட்காதவர், சீட்டில் இருந்தால் கேட்பார். 1996-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த நியூசிலாந்து ஆய்வும் மனசின் பங்கைத்தான் சொல்கிறது: தன் நோயைக் கட்டுக்குள் கொண்டுவர முடியும் என்று நம்பினவர்களே மறுவாழ்வு வகுப்புக்கு அதிகம் வந்திருக்கிறார்கள்.

சரி, வந்துவிட்டார், ஆனால் பயம் போகவில்லை. வீட்டில் அம்மா ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விட்டதில்லை, லேசாக வேர்த்தாலே அடுத்த அட்டாக் என்று இருவருக்கும் நடுக்கம். மெதுவாக ஓடுகிற டிரெட்மில்லில், சிரமத்தை 6 முதல் 20 வரை எண்ணால் காட்டுகிற அட்டையில் அப்பா "ரொம்பக் கஷ்டம்" என்கிற 17-ஐத் தொட்டாராம்! பிசியோ அக்கா, நீங்கள் சிரிக்காமல் ஈசிஜி திரையை அவர் பக்கம் திருப்பி, "நடக்கறப்ப நெஞ்சு அடிக்கத்தானுங்க வேணும், பாருங்க, ஒழுங்காத்தான் அடிக்குது" என்று சொன்ன அன்றைக்குத்தான் அவர் நிமிர்ந்து நடந்தார்.

கவுன்சிலர் மேடத்துக்கும் நன்றி. மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறதாம். அப்பா அதை "அசதி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார், நீங்கள் தூக்கத்தைப் பற்றிக் கேட்டுக் கேட்டே வெளியே கொண்டுவந்தீர்கள்.

அப்புறம், கூடப் பயிற்சிக்கு வந்த சித்தூர் சேட்டன். டிராக் பேன்ட்டில் பஸ் ஏற அப்பாவுக்குக் கூச்சம் (அறுபது வயசு வரை வேட்டி தவிர வேறு கட்டாதவர்). நீங்கள் முண்டு கட்டிக்கொண்டு வந்து, பையில் இருந்த பேன்ட்டை அங்கே போய் மாற்றிக் காட்டினீர்கள், மறுநாளே எங்கள் வீட்டிலும் ஒரு மஞ்சப்பை தயார்.

இந்தப் பக்கம் யாருக்காவது டாக்டர் இந்தப் பயிற்சியை எழுதிக்கொடுத்து, தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள், முதல் நாள் துணைக்கு வர அப்பா தயாராக இருக்கிறார்.