காமன் பொட்டலும் ரோசாப்பூவும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இணைப்பின் காதலர் தினக் கட்டுரையில், "காதல் இப்போது தோட்டப்புறங்களையும் எட்டிப் பார்த்துவிட்டது" என்று எழுதியிருந்தீர்கள். மெத்தப் பெரிய உபகாரம். அதுவரை எங்கள் மலையகத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், பிள்ளைகள் கொழுந்துக் கூடைக்குள் முளைத்தார்களாக்கும்.

ரோமாபுரிக்கு முக்கால் பக்கம் தந்திருந்தீர்கள். கிளாடியஸ் மன்னனின் தடையை மீறி வேலன்டைன் பாதிரியார் கல்யாணம் செய்துவைத்தாராம். அது பிற்காலத்தில் கட்டிய கதை என்பதும், அவரைப் பற்றி உறுதியாக அதிகம் தெரியாததால் கத்தோலிக்கத் திருச்சபையே 1969இல் அவர் திருநாளைப் பொது நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டது என்பதும் தாங்கள் அறியாததல்ல.

பெப்ரவரி 14 பெரும்பாலும் மாசி 2. அந்த மாசியில், அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில்தான் நாங்கள் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுகிறோம். பிறகு ரதி மன்மதன் கல்யாணம், தூது, சிவன் தவம் கலைவது, தகனம், ரதியின் ஒப்பாரி. என் சித்தப்பா 18 வருடம் மாசிதோறும் ரதி வேஷம் கட்டினார். பகலெல்லாம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய கை. இரவில் என் அம்மாவின் கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு அவர் அழத் தொடங்கினால் லயமே சேர்ந்து அழும். தோட்டத்து மேல் டிவிசன்காரியான என் மனைவியை நான் முதன்முதல் பார்த்ததும் 1978இல் அந்தக் கூத்து ஆடும் காமன் பொட்டலில்தான். தீப்பந்த வெளிச்சம் இருந்தது, ரோசாப்பூ இல்லை.

உங்களுக்கு மலையகம் என்றால் சம்பளப் பேச்சு, மண்சரிவு, குளவிக்கொட்டு. கொழுந்து எடுக்கும் பெண்களின் படத்துக்குக் கீழே 'தேயிலை அறுவடை' என்று போடாதீர்கள் என எத்தனை கடிதம் எழுதிவிட்டேன்! நான் படிப்பித்த பாடசாலையில் ஒருமுறை தமிழ்த்தினத்துக்குப் பிள்ளைகளைக் காமன் கூத்துப் பழக்கினேன். "தப்பு மேளத்தை வெளியே வைத்துவிட்டு வாருங்கள்" என்றார் அதிபர். தப்பு இல்லாமல் மன்மதன் எதற்கு ஆடுவான்? பிள்ளைகள் வேஷத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். உங்கள் கட்டுரையாளரும் அந்த அதிபரிடம் படித்தவரோ என்னவோ.

நிருபரை அனுப்பச் சொல்லிக் கேட்கமாட்டேன்; பாதை சரியில்லை, அவருக்கு இடுப்பு வலிக்கும். 'இந்த வார நிகழ்வுகள்' பகுதியில் எங்கள் தோட்டத்துக் கம்பம் ஊன்றும் நாளை ஒரே ஒரு வரியில் போட்டால் போதும். காமன் என்றே போடுங்கள். போன வருடம் 'கம்பன் விழா' என்று போட்டுவிட்டீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பொகவந்தலாவை.