தெமோதரை வளையத்தில் பிழையில்லை

பண்டாரவளை,
மார்ச் 2

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாமல் இருந்தது என் பிழைதான், மன்னித்துக்கொள். உன் மொடல் ரயில் லைனுக்கு நீ வரைந்து அனுப்பிய வயரிங் படம் இன்னும் மேசைமேல் விரித்தபடிதான் கிடக்கிறது. இங்கே எல்லோரும் சுகம். அக்காவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தேயிலை ஆலை டீமேக்கர் அண்ணன் உன்னை விசாரித்தார். உன் லைன் மத்தியானத்தில் ஷோர்ட் ஆகிற விஷயத்தைச் சொன்னதும், "ரோதமுனிக்குச் சூடம் கொளுத்தச் சொல்லு" என்றார். ஆலை இயந்திரங்களைக் காக்கும் சாமிதான் ரோதமுனி. அவர் சொன்னதற்கு நீ என்ன சொல்வாய் என்று தெரியும்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். நீ செய்திருக்கும் தெமோதரை வளையத்துக்கு, இரண்டு தண்டவாளத்தின் கரண்டையும் தானாகப் புரட்டிவிடும் ஓட்டோ ரிவர்சர் வேண்டும் என்று உனக்குச் சொன்னது யார்? அது தேவையே இல்லை. உண்மையான தெமோதரையை நினைத்துப் பார். ஸ்டேஷனைக் கடந்த லைன் மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியால் சுரங்கத்துக்குள் போய் பதுளைப் பக்கம் போகிறது. மேல் லைனும் கீழ் லைனும் ஒன்றையொன்று தாண்டுகின்றன, ஓரிடத்திலும் சேர்வதில்லை. அதனால் இடது தண்டவாளம் கடைசிவரை இடதாகவே இருக்கும். ஒரு பெட்டியின் ஒரு பக்கச் சில்லுகளுக்குச் சிவப்பு மை பூசி, சிவப்பு வயர் பூட்டிய தண்டவாளத்தில் வைத்து, உன் லைன் முழுவதும் கையால் தள்ளிப் பார். சிவப்புச் சில்லு எந்த இடத்தில் கறுப்பு வயர் பூட்டிய தண்டவாளத்தில் ஏறுகிறதோ, அங்கேதான் ரிவர்சர் வேண்டும். உன் படத்தின்படி அப்படி ஏறக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: பலகைக்குக் கீழே, பதுளைக்கென்று நீ ஒளித்து வைத்திருக்கும் திரும்பு வளையம், கோச்சி சுற்றி வந்து அதே லைனில் மறுபடி சேரும் இடம். தெமோதரை வளையத்தின் ஏற்றத்தையும் மாற்றாதே. 60 சென்டிமீற்றர் ஆரத்தில் ஒரு சுற்று 377 சென்டிமீற்றர். மலைநாட்டு லைனின் 44க்கு 1 என்ற ஏற்றத்தில் போனால் ஒரு சுற்றுக்கு எட்டரை சென்டிமீற்றர் உயரம் கிடைக்கும். மேல் லைனின் பலகைத் தடிப்பைக் கழித்தாலும் உன் எச்ஓ (87இல் ஒரு பங்கு அளவு) எஞ்சின் போக அது போதும்.

இனி ஷோர்ட். காலையில் ஒழுங்காக ஓடுகிறது, மத்தியானம் 12 மணிக்குப் பிறகு லைனுக்குக் கரண்ட் கொடுக்கும் பூஸ்டர் விழுகிறது (தானே அணைகிறது), மழைக்காலத்தில் ஒரு நாளும் இப்படி நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார் மச்சான். எஞ்சினுக்குள் கட்டளை வாங்கும் டிகோடருக்கு வெயில், மழை தெரியாது. பலகைக்குத் தெரியும். தலவாக்கலையில் தை பிறந்தால் இரவில் பனி, பகலில் காய்ந்த வெயில். உன் அறைக்குத் தகரக் கூரை வேறு. சவுக்குப் பலகை குறுக்கு வாட்டில் சுருங்கும் மரம். 30 சென்டிமீற்றர் அகலமான பலகை நூற்றுக்கு ஒன்று சுருங்கினாலே 3 மில்லிமீற்றர் போய்விடும். தண்டவாளமோ 1 மீற்றருக்கு 15 பாகை சூட்டில் கால் மில்லிமீற்றர்தான் நீளும். ஆக, தண்டவாளம் நீண்டு முட்டவில்லை. அடியில் பலகை சுருங்கி இரண்டு துண்டுகளையும் நெருக்கியிருக்கிறது. திரும்பு வளையத்தைத் தனியாகப் பிரிக்கத் தண்டவாளத்தில் நீ வட்டத் தகடால் வெட்டிய இடைவெளி முக்கால் மில்லிமீற்றர்தான் இருக்கும். அதற்குள் ஒன்றும் வைக்கவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த இடைவெளிதான் மூடிக்கொள்கிறது.

ஊகத்தில் வெட்டத் தொடங்காதே, முதலில் உறுதிப்படுத்து. பூஸ்டரிலிருந்து வரும் இரண்டு வயரையும் கழற்று. ரிவர்சரின் நான்கு வயர்களையும் கழற்று. எஞ்சின்கள், லைட் போட்ட பெட்டிகள் எல்லாவற்றையும் தூக்கி அலுமாரியில் வை. டிகோடர் ஒன்று லைனில் நின்றாலும் மல்டிமீற்றர் பொய் சொல்லும். பிறகு மீற்றரைச் சத்தம் போடும் நிலையில் வைத்து, திரும்பு வளையத்தின் நான்கு வெட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்: இரண்டு முனை, முனைக்கு இரண்டு தண்டவாளம். வெட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊசியை வைத்தால் சத்தம் வரக்கூடாது. இதை விடிய 6 மணிக்கு ஒருதரமும் மத்தியானம் 2 மணிக்கு ஒருதரமும் செய். காலையில் அமைதியாக இருந்து மத்தியானம் கத்தும் வெட்டுத்தான் உன் ஆள். நான்கும் அமைதியாக இருந்தால், பூஸ்டரிலிருந்து லைன் நெடுக ஓடும் பஸ் வயரை நடுவில் பிரித்து எந்தப் பாதியில் ஷோர்ட் என்று பார். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கு. தடம் மாற்றும் பொயின்ட் ஒவ்வொன்றிலும், தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் ஃபுரொக்கின் இணைப்பையும் பார்.

வெட்டைத் திருத்தும் விதம் இது. இடைவெளியை 1 மில்லிமீற்றருக்கு அரத்தால் அகலமாக்கு. சிம் கார்ட் உடைத்தெடுத்த பிறகு மிஞ்சும் பெரிய பிளாஸ்டிக் அட்டை முக்கால் மில்லிமீற்றர் தடிப்பு, அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி உள்ளே செருகி அரல்டைட் பசை வை. காய்ந்ததும் தண்டவாளத்தின் வடிவத்துக்கே அராவி விடு. அதோடு நிறுத்தாதே. வெட்டின் இரு பக்கமும் தண்டவாளத்துக்கு அடியில் பித்தளை ஸ்குரூ ஒன்று பலகையில் இறக்கி அதன் தலையோடு ஈயம் பற்றவை. அப்போதுதான் முனை ஆடாது. பலகைக்கு மேலும் கீழும் ஓரத்திலும் வார்னிஷ் பூசு. மேலே மட்டும் பூசினால் ஒரு பக்கம் ஈரம் குடித்துப் பலகை கோணிவிடும்.

வெட்டுச் சரியான பிறகும் திரும்பு வளையத்தில் விழுந்தால் இரண்டு காரணம் பார். ஒன்று, ரிவர்சர் புரட்டும் கரண்ட் அளவு பூஸ்டர் விழும் அளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். உன் பூஸ்டர் 3 அம்பியர். ரிவர்சரை 4இல் வைத்தால் அது புரட்ட முன்னமே பூஸ்டர் விழுந்துவிடும். 2இல் வை. மற்றது நீளம். உன் கோச்சி எஞ்சினும் ஏழு பெட்டியும் சேர்ந்து 1.8 மீற்றர், இரும்புச் சில்லு, எல்லாப் பெட்டியிலும் லைட். வெட்டிலிருந்து வெட்டுக்கு நீ விட்டிருப்பது 1.5 மீற்றர். எஞ்சின் ஒரு முனையை விட்டு வெளியேறும்போது கடைசிப் பெட்டி மறுமுனையில் நின்றால் ரிவர்சர் எந்தப் பக்கம் புரட்டினாலும் ஒரு முனை ஷோர்ட்தான். ஒன்றில் வெட்டுகளை இன்னும் தூரமாகத் தள்ளி வை, இல்லையென்றால் இரண்டு பெட்டியைக் கழற்று. கழற்றச் சொன்னால் நீ கேட்க மாட்டாய் என்று தெரியும், ஆகவே வெட்டைத் தள்ளு.

இதைக் கொஞ்சம் நின்று வாசி மச்சான். பூஸ்டர் விழாமல் இருக்க 10 அம்பியர் பூஸ்டர் எடுக்கப் போவதாகக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். வேண்டாம். உன் எஞ்சின் ஒன்று அரை அம்பியரும் இழுக்காது, நாலைந்து ஓட 3 அம்பியரே தாராளம். பூஸ்டர் விழுவது உன்னைக் காப்பாற்றத்தான். 14 வோல்ட்டில் 10 அம்பியர் என்றால் 140 வாட். அவ்வளவும் ஒரு சின்னச் சில்லு வழியாகப் போனால் சில்லுகளைத் தாங்கும் போகி உருகிவிடும், பலகையும் கருகும். மேலே மரச் சட்டம், கீழே உன் பிள்ளைகள் படுக்கிற அறை. இன்றைக்கே ஒரு வேலை செய்: பத்து ரூபாய்க் குற்றியை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வை. லைனில் 1 மீற்றருக்கு ஒரு இடமாக வைத்துக்கொண்டே போ. ஒவ்வொரு இடத்திலும் பூஸ்டர் உடனே விழ வேண்டும். விழாத இடத்தில், பஸ்ஸிலிருந்து தண்டவாளத்துக்கு வரும் ஃபீடர் வயர் மெலிந்திருக்கிறது அல்லது தண்டவாள மூட்டு துருப்பிடித்திருக்கிறது. மூட்டுகளை நம்பி கரண்ட் விடாதே, நம் பக்கத்து ஈரத்துக்கு அவை ஒரு வருடம்கூடத் தாங்காது. பஸ்ஸுக்கு இரண்டரை சதுர மில்லிமீற்றர் வயர், 1 மீற்றருக்கு ஒரு ஜோடி அரை சதுர மில்லிமீற்றர் ஃபீடர், ஈயம் பற்றவைத்து.

அளந்து பார்க்க, மோட்டர் ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் 12 வோல்ட் 21 வாட் பிரேக் லைட் பல்ப் ஒன்று வாங்கு. அதைத் தண்டவாளத்துக்குக் குறுக்கே பூட்டி, பூஸ்டருக்குப் பக்கத்தில் ஒருதரம், தூரத்து முனையில் ஒருதரம் வோல்ட் பார். கட்டளையையும் கரண்டையும் தண்டவாளத்தில் ஒன்றாக அனுப்பும் டிசிசி முறையின் சதுர அலையைச் சாதாரண மீற்றர் சரியாக அளக்காது, ஆனால் இரண்டு இடத்தையும் ஒப்பிட அது போதும். 14இல் முக்கால் வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரைப் பார்.

இனி உன் எம் 6 எஞ்சின், பூஸ்டர் விழுந்து எழும்பினதும் தலைதெறிக்க ஓடுகிற கதை. 788 என்று முகவரி கொடுத்திருக்கிறாய். 127க்கு மேல் என்பதால் அது நீள முகவரி. டிகோடரின் அமைப்பு எண்களான சிவிகளில், சிவி 17இல் 195, சிவி 18இல் 20 இருக்கிறதா பார். சிவி 29இல் 38 இருந்தால் அனலொக் ஓட்டத்தையும் அது ஏற்கிறது. லைனில் அலை குழம்பும்போது சாதாரண டிசி என்று நினைத்து முழு வேகம் எடுக்கிறது. 34 ஆக்கு. குட்டை முகவரி எஞ்சின்களில் 6 இருந்தால் 2 ஆக்கு. டிகோடர் எண்களை அமைக்கும் புரோகிராம் லைனில் வாசிக்க முடியவில்லை என்று வந்தால் டிகோடர் செத்துவிட்டது என்று எண்ணாதே. பதில் சொல்ல அது மோட்டரை ஒரு கணம், 6 மில்லிசெக்கன், இழுக்கவைத்து 60 மில்லிஅம்பியர் கூட்டிக் காட்ட வேண்டும். சில்லு அழுக்கு, மோட்டர் வயர் விட்டிருப்பது, கரண்ட் சேமிக்கும் கபாசிற்றர் பூட்டியிருப்பது, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பதில் வராது. முதலில் சில்லைத் துடை.

காலை 6 மணி, மத்தியானம் 2 மணி, இரண்டு அளவையும் ஒரு தாளில் எழுதி அனுப்பு. வரும் போயா (பௌர்ணமி) தினத்தில் நான் கோச்சியில் தலவாக்கலை வருகிறேன். அரமும் பித்தளை ஸ்குரூவும் நான் கொண்டு வருவேன். அரல்டைட் மட்டும் நீ வாங்கி வை. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் கூட்டாளி